சளிக்குத் தூதுவளையா, ஆடாதோடையா?

மார்கழிப் பனி இறங்கியதும் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். உடனே வேலியோரம் போய்த் தூதுவளையையோ ஆடாதோடையையோ பறித்து வருவோம். இரண்டும் சளிக்கு நல்லதுதான். ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று நினைத்துவிடக் கூடாது. தூதுவளை கீரை, ஆடாதோடை மருந்து.

தூதுவளை கத்திரிக்காய்க்கு உறவு. கொடி முழுக்கக் கொக்கி முள், இலை நரம்பில்கூட இருக்கும். முள்ளைக் கிள்ளிவிட்டு நெய்யில் சுருள வதக்கி, மிளகு, பூண்டு, துளிப் புளி சேர்த்துத் துவையல் அரைத்தால், அந்த லேசான கசப்போடு இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கும். ரசம் வைக்கலாம், தோசை மாவிலும் அரைத்துவிடலாம். இதில் சொலாசோடின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு இதன் பொடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மூச்சுவிடும் திறன் கூடியது. ஆனால் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மாத்திரை அளவுக்கு இல்லை.

ஆடாதோடை கதையே வேறு. ஆடுகூடத் தொடாது என்பதால்தான் இந்தப் பெயர் என்பார்கள். மாவிலை போல நீண்ட இலை. கசக்கினால் ஒரு வாடை, கசப்போ நாக்கை விட்டுப் போகவே போகாது. அந்தக் கசப்புக்குள் இருக்கும் வாசிசின் என்ற வேதிப்பொருளை 1888-இல் பிரித்தெடுத்துச் சொன்னவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில், மலேரியா மருந்தான குயினைன் எடுக்கும் சிங்கோனாப் பட்டைக்கான அரசு வேதியியலாளராக இருந்தவர். பிற்பாடு வாசிசினை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது. அது உடலுக்குள் போய் மாறுவதுதான் அம்ப்ராக்சால். மெடிக்கலில் வாங்கிய சளி இருமல் சிரப் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், இந்த இரண்டில் ஒன்று அநேகமாக இருக்கும். கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்றுவதுதான் இவற்றின் வேலை.

அதனால் என் கணக்கு இதுதான். மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு என்றால் தூதுவளை ரசம் போதும், பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். சளி நெஞ்சில் கட்டிக்கொண்டால் ஆடாதோடை. அதையும் கைக்கு வந்தபடி கஷாயம் போடாமல், சித்த மருத்துவரைக் கேட்டு ஆடாதோடை மணப்பாகாக (இனிப்புப் பாகாகக் காய்ச்சிய சித்த மருந்து) எடுப்பது நல்லது. கர்ப்பிணிகள் பக்கமே போகக் கூடாது; வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

அப்புறம், இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை, சளியில் ரத்தம் தெரிகிறது என்றால் இரண்டு இலையையும் தள்ளி வைத்துவிட்டு, அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோயா என்று பார்க்க அங்கே பணம் வாங்குவதில்லை.