ஏழு நாள் கடிதம்

போன வாரம் மச்சினன் போன் செய்தான். கார் வாங்கப் போகிறானாம், ஏழு வருஷக் கடனில். "மாமா, உங்க வண்டி வெள்ளத்துல போனப்ப இன்சூரன்ஸ்காரங்க ஒழுங்கா குடுத்தாங்களா? அதே கம்பெனியில போடட்டுமா?" என்று கேட்டான். கொடுத்தார்கள் என்றேன். அதே மூச்சில் அவர்களைத் திட்டவும் செய்தேன். அவனுக்குக் குழப்பம். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேளச்சேரியில். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். புயல் மறுநாள் ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கரையேறியது, தண்ணீர் மட்டும் எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டது. கீழே நிறுத்தியிருந்த ஸ்விஃப்டில் ஸ்டீரிங் வரை தண்ணீர். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. இரண்டு நாள் கழித்து மொட்டை மாடியில் சிக்னல் கிடைத்தபோது போனில் முதலில் வந்து விழுந்த செய்தி வங்கியிடமிருந்து: 5ஆம் தேதி இஎம்ஐ 9,653 ரூபாய் எடுத்துக்கொண்டார்களாம். வண்டி அப்போதும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, போடவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்த சேதமில்லை, நீங்களே செய்துகொண்டது என்று கம்பெனி கையை விரிக்கும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று எடுத்திருந்தால்தான் தப்பிக்கலாம். எதிர் ஃபிளாட்காரர் ஸ்டார்ட் செய்தார். அவர் கதை வேறு கதை.

டோ வண்டி வர ஒன்பது நாள், சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வர இன்னும் பத்து நாள். ஊரில் பாதி வண்டி நனைந்திருந்தது, அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். வந்த சர்வேயரைப் பற்றி மட்டும் நாலு வரி எழுத வேண்டும். அறுபதைத் தாண்டிய மனிதர், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, சேறு காய்ந்த வண்டிக்குள் தலையை விட்டு ஃபியூஸ் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பின் முதல் எஸ்டிமேட் 2,80,000. என் ஐடிவி, அதாவது வண்டிக்குப் பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பு, 3,90,000. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேருக்குப் பதில் ஐடிவியையே தந்துவிடுவார்கள். எனக்கு அந்த எல்லை 2,92,500. பன்னிரண்டாயிரம் ரூபாயில் வண்டி பிழைத்துக்கொள்ளப் பார்த்தது! அவர்தான், "அவசரப்பட்டு ரிப்பேருக்குச் சம்மதம் எழுதிக் குடுத்துடாதீங்க சார், டேஷ்போர்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, ஒயரிங் போயிருக்கும்" என்றார். கழற்றினார்கள். ஒயரிங் மொத்தமும் போயிருந்தது, கூடவே ஏர்பேக் மாட்யூலும், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மும். இரண்டாவது எஸ்டிமேட் மூன்றரை லட்சத்தைத் தொட்டது. கம்பெனி அனுப்பிய ஆள் எனக்காகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஐடிவி விஷயத்தில் தப்பு என்னுடையது. ஷோரூம் விலை 6,40,000. இரண்டு வருஷம் தாண்டி மூன்றுக்குள் இருக்கும் வண்டிக்கு 30 சதவீதம் கழிப்பார்கள், 4,48,000 வந்திருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் ஆன்லைனில் புதுப்பித்தபோது அங்கே ஒரு கோடு இருந்தது, இடது பக்கம் இழுத்தால் ஐடிவியும் கூடவே பிரீமியமும் குறையும். இழுத்தேன். எழுநூற்றுச் சொச்சம் மிச்சம் பிடித்தேன். கூடவே, இன்வாய்ஸ் விலையைத் திருப்பித் தரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' கவரையும் எதற்கு வீண் செலவு என்று நீக்கிவிட்டேன். அது இருந்திருந்தால் ரோடு டாக்ஸும் சேர்த்து ஏழு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும். ரிப்பேரில் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவரை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். டோட்டல் லாஸில் அது காலணாவுக்கு உதவாது.

2024 பிப்ரவரி 10ஆம் தேதி டோட்டல் லாஸ் என்று முடிவானது. கிளெய்ம் அதிகாரி ஒருவர், இன்றைய மார்க்கெட்டில் உங்கள் வண்டி 3,40,000தானே போகும் என்று ஆரம்பித்தார். பாலிசியிலேயே எழுதியிருக்கிறது: டோட்டல் லாஸுக்கு, பாலிசிக் காலம் முழுக்க ஐடிவிதான் மார்க்கெட் மதிப்பு, மேற்கொண்டு தேய்மானம் கிடையாது. அந்தப் பத்தியைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பணம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இனிமேல்தான் அந்தக் கடிதம்.

கடன் வண்டியென்றால் ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், வங்கியின் பெயரும் இருக்கும். பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும், அது நியாயம். அதற்காகக் கம்பெனி வங்கியிடமிருந்து ஒரு கடிதம் கேட்டது: பாக்கி எவ்வளவு, எந்தக் கணக்கில் போட வேண்டும், இப்படி முடிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. வேறொன்றும் இல்லை. கிளைக்குப் போனேன். கார் கடன் இங்கே இல்லை, அண்ணா நகரில் இருக்கிற மையத்துக்குப் போங்கள் என்றார்கள். போனேன். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து நாலு நாளில் கடிதம் வந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'இக்கடிதம் வழங்கப்பட்ட நாளிலிருந்து 7 நாட்களுக்கு மட்டுமே செல்லும்.' வட்டி தினமும் ஏறுகிறது அல்லவா, அதனால்.

கம்பெனியில் கோப்பு மேசை மாறி மாறிப் போக எத்தனை நாள் ஆகும்? பத்து வேலை நாள். முதல் கடிதம் பிப்ரவரி 16, ஒப்புதல் வருவதற்குள் செத்துப்போனது. இரண்டாவது 28ஆம் தேதி. அதில் இன்ஜின் நம்பரில் ஒரு எழுத்து தப்பு, திருத்தி வாங்குவதற்குள் அதுவும் போச்சு. ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு, வேளச்சேரியிலிருந்து அண்ணா நகர். வண்டி இல்லாததால் பஸ்ஸில். வங்கியில் கேட்டால், "இன்சூரன்ஸ்ல சீக்கிரம் பண்ணச் சொல்லுங்க சார்." இன்சூரன்ஸில் கேட்டால், "பேங்க்ல பதினஞ்சு நாளைக்குப் போட்டுத் தரச் சொல்லுங்க சார்." இரண்டு பேரும் மரியாதையாகவே பேசினார்கள், எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். நடுவில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று 5ஆம் தேதி தவறாமல் 9,653. நிறுத்தினால் செக் பவுன்ஸ் மாதிரி அபராதம், சிபில் ஸ்கோரும் விழும். தண்ணீரில் போன வண்டிக்கு டிசம்பரோடு சேர்த்து 38,612 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

புகார் எழுதவும் உட்கார்ந்தேன். கம்பெனியிடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதத்தில் பதில் சரியில்லை என்றால் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரைக்கும் கேட்கலாம். தேனாம்பேட்டையில் அலுவலகமே இருக்கிறது. வங்கிக்கு ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன் தனி. எழுத எழுத எனக்கே ஒன்று புரிந்தது. கம்பெனி செய்தது விதிப்படி சரி, வங்கி செய்ததும் சரி. பத்து நாளுக்கும் ஏழு நாளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மூன்று நாளுக்கு எந்த ஆம்பட்ஸ்மேனிடம் போவது? எழுதியதை அப்படியே மூடி வைத்தேன்.

இதற்கிடையில்தான் உச்சகட்டம். பிப்ரவரி கடைசியில் அதே இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். "சார், உங்க பாலிசி முடிஞ்சிருச்சு, உடனே ரினியூ பண்ணலன்னா நோ கிளெய்ம் போனஸ் போயிடும்." கிளெய்ம் கேட்காத வருஷத்துக்குத் தரும் தள்ளுபடி அது. வண்டி உங்களிடம்தான் அம்மா இருக்கிறது என்றேன். அவர், "ஓகே சார், எப்ப கூப்பிடட்டும்?" என்றார். மூன்று நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்.

கடைசியில் வழி சொன்னதும் அந்தச் சர்வேயர்தான். மற்ற எல்லாக் காகிதமும் ஏறி, ஒப்புதலும் வாங்கி, பணம் போடுவது மட்டும்தான் பாக்கி என்று கிளெய்ம் அதிகாரி மெயிலில் எழுதித் தரட்டும், அதற்கப்புறம் கடைசியாகக் கடிதத்தை வாங்கு என்றார். மூன்றாவது கடிதம் மார்ச் 14, பணம் 20ஆம் தேதி. மச்சினா, இந்தப் பதிவில் உனக்குப் பிரயோஜனமான ஒரே வரி இதுதான்.

கணக்கு இப்படி முடிந்தது. அசல் பாக்கி, வட்டி, முன்கூட்டி அடைப்பதற்கு 4 சதவீதக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து வங்கிக்கு 4,00,600. வண்டி தண்ணீரில் போனதால் அடைக்கிறேன், ஆசைப்பட்டா அடைக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். நிலையான வட்டிக் கடன், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். கம்பெனி தர வேண்டியது 3,90,000. அதில் 1,000 கட்டாயப் பிடித்தம், சேதமான வண்டியைச் சால்வேஜ் ஏலத்தில் எடுத்தவர் தரும் 95,000ஐயும் கழித்து 2,94,000தான் வங்கிக்குப் போனது. அந்த 95,000ஐ ஏலம் எடுத்தவர் என்னிடம் தருவார். ஆனால் ஆர்சியிலிருந்து வங்கி பெயரை எடுக்க, வங்கியின் ஆட்சேபணையில்லாச் சான்றான என்ஓசியும் ஃபார்ம் 35உம் இருந்தால்தான் தருவார். முழுக் கடனும் அடைந்தால்தான் வங்கி என்ஓசி தரும். ஆக நடுவில் 1,06,600 ரூபாயை நான் புரட்ட வேண்டும். மனைவியின் செயினை அடகு வைத்தோம். ஓடாத வண்டியின் கடனை அடைக்க நகைக் கடன்! ஏப்ரல் கடைசியில் 95,000 வந்து, மேலே 11,600 போட்டு, வட்டியும் கட்டி மீட்டோம்.

இன்னொன்று. சால்வேஜ் எடுப்பவர், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர், அவருடைய ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இனி ஓடவே ஓடாது என்ற நிலையில் வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால், 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குச் சொல்லி ஆர்சியை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு சொல்கிறது. என் வண்டியைப் பழுது பார்த்து விற்கத்தான் எடுத்தார், அதனால் ரத்து செய்யவில்லை.

நட்சத்திரம் போடச் சொன்னால் கம்பெனிக்கு இரண்டு. நாலு போட வேண்டும் என்று மனைவி சொல்கிறாள், ஐடிவியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லையே என்கிறாள். அது உண்மைதான். ஆனால் அண்ணா நகர் பஸ்ஸில் போனது நான். இப்போது ஒரு பழைய வேகன் ஆர் வைத்திருக்கிறேன், நாலு வருஷக் கடன். இன்சூரன்ஸ் அதே கம்பெனிதான். ஏன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. ஆன்லைனில் வரும் அந்த ஐடிவிக் கோட்டை மட்டும் வலது பக்கக் கடைசிக்கு இழுத்துவிட்டேன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் ஊரோடு சேர்ந்து நானும் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு போனில் ஒரு இ-செலான் வந்தது. சீட் பெல்ட் போடாததற்கு ஆயிரம் ரூபாய், வேலூர் பக்கம். பழைய ஸ்விஃப்டின் நம்பர். ஆர்சி இன்னும் என் பெயரில்தான் இருந்திருக்கிறது. ஒப்படைத்த காகிதத்தைக் காட்டி அதைத் தீர்த்தது இன்னொரு அலைச்சல். ஆனால் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் கண்ணாடி ஓரத்தில் நாங்கள் ஒட்டிய வேல் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மனைவியிடம் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டறான் பாருங்க. ஏசி சரியாகல போல."