கேபிளின் மறுமுனையைப் பார்க்காமல் மைக் வாங்காதீர்கள்

வேலந்தாவளம் தாண்டி கோவைக்குப் போய் ரெக்கார்டிங் மைக் வாங்கும் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஆட்கள் கவனிக்கவும். ‘ஸ்டுடியோ கண்டென்சர், எந்த இன்டர்ஃபேஸிலும் வேலை செய்யும்’ என்று ஒரு கடையில் பிஎம்-800 செட்டைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். கண்டென்சர் என்பது கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக். இன்டர்ஃபேஸ் என்பது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. மைக், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், கேபிள் எல்லாம் உண்டு. வீட்டில் செருகினால் சத்தம்தான் இல்லை. திருப்பிக் கொண்டுபோனால், ‘உங்க இன்டர்ஃபேஸ்லதாங்க கோளாறு’.

கோளாறு கேபிளில். ஒரு முனை எக்ஸ்எல்ஆர், அதாவது மூன்று பின் உள்ள வட்ட மைக் முனை. மறுமுனை செல்போன் ஹெட்செட்டில் வருகிற 3.5 மி.மீ. பின். அது இன்டர்ஃபேஸில் நிற்காதே என்று 6.35 மி.மீ. பெரிய ஜாக்காக மாற்றும் கன்வெர்ட்டரையும் தனிக் காசுக்கு விற்றிருக்கிறார்கள், அதுதான் அநியாயம். இன்டர்ஃபேஸ் கேபிள் வழியாக மைக்குக்கு அனுப்பும் கரண்டான 48 வோல்ட் ஃபாண்டம் பவர் எக்ஸ்எல்ஆரின் 2, 3ஆம் பின்களில் மட்டுமே வரும். இன்டர்ஃபேஸின் அதே துளையில் நடுவில் செருகும் பெரிய ஜாக்குக்கு வராது. கரண்ட் இல்லாமல் கண்டென்சர் எப்படிப் பாடும்?

இன்டர்ஃபேஸ் மேல் பழி போட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். இரு முனையும் எக்ஸ்எல்ஆரான கேபிளை மாட்டி, 48 வோல்ட் பட்டனை அமுக்கி, டிசி 200இல் வைத்து, மைக் பக்கத் துளைகளில் 1க்கும் 2க்கும், பிறகு 1க்கும் 3க்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்டினால் இன்டர்ஃபேஸ் சரி. ஒன்றில் மட்டும் வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இரு முனையும் எக்ஸ்எல்ஆரான அந்தக் கேபிளில் பிஎம்-800 பெரும்பாலும் பேசிவிடும். ஸ்டுடியோ தரத்தை எதிர்பார்க்க வேண்டாம். வலைக்குள் டார்ச் அடித்தால், அவ்வளவு பெரிய தலைக்குள் சத்தத்தைப் பிடிக்கும் எலக்ட்ரெட் காப்சூல் சட்டைப் பொத்தான் அளவில் உட்கார்ந்திருக்கும். முன்னால் பேசி, பின்னால் பேசிப் பாருங்கள். கார்டியாய்டு, அதாவது முன்பக்கச் சத்தத்தையே முக்கியமாகப் பிடிப்பது என்றால் பின்பக்கம் நன்றாகக் குறைய வேண்டும்.

தோப்புக்குள் வீடு, ஓட்டுக் கூரை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பக்கத்தில் பம்புசெட் என்றால் கண்டென்சரே வேண்டாம், சுற்றுச் சத்தத்தையும் அள்ளிவிடும். பெரிங்கர் எக்ஸ்எம்8500 மாதிரி, கரண்ட் இல்லாமலே வேலை செய்யும் டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்தால் போதும், ஃபாண்டமும் தேவையில்லை. ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால், போலியா என்று தராசில் போடுங்கள்: அசல் 298 கிராம். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் எடுப்பவர்கள் பெட்டியில் யுஎஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி என்றால் அது நேரே கம்ப்யூட்டருக்குப் போவது, இன்டர்ஃபேஸுக்கு ஆகாது.

பில்லில் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், தமிழ்நாட்டுக் கடை அல்லவா. அதற்காகப் புகார் கொடுக்கக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் பாருங்கள். ‘மைக் செட்’ என்று மட்டும் பில் போட்டால் விடாதீர்கள். மாடல் பெயரையும் கேபிளின் இரு முனைகளையும் எழுதி வாங்குங்கள்.