கந்தர்மடத்துப் பழைய வீடும் போன முற்பணமும்

யாழ்ப்பாண நகருக்குள் சின்னதாக ஒரு பழைய வீடு வாங்கத் தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசை வெளியே எடுங்கள். நானும் மனைவியும் கந்தர்மடத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சம் ரூபா முற்பணம் கொடுத்தோம். வீடு கிடைக்கவில்லை. காசில் பாதி இன்னும் வந்து சேரவில்லை. விஷயம் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் இருப்பதால் தரகரின் பெயரையும் ஒழுங்கையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாமல் போனாலும் பரவாயில்லை, எங்களுக்குச் சொன்ன பொய்களை வேறு வீடுகளுக்கும் அச்சொட்டாக அப்படியே சொல்கிறார்கள்.

வீடு என்னவோ பார்க்க லட்சணமானதுதான். பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை. முன் விறாந்தை, இரண்டு அறை, பின்னால் குசினி, முற்றத்தில் காய்க்கிற மாமரம். ஓட்டுக்கூரை. உள்ளே வெள்ளைச் சீலிங் அடித்து, நிலத்துக்குப் புதிதாக மாபிள் பதித்திருந்தார்கள். "இரண்டு பரப்பு, சொந்தக் கிணறு, உறுதி கிளீன், ஒரு வில்லங்கமும் இல்லை" என்றார் தரகர். பரப்பு என்பது எங்கள் பக்கத்துக் காணி அளவு, உறுதி என்பது காணி யாருடையது என்று எழுதிய பத்திரம். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார், இங்கே உள்ள தன் மச்சானுக்கு, தனக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரமான அற்றோர்னித் தத்துவம் கொடுத்திருக்கிறார், அவர் கையெழுத்து வைப்பார் என்று சொன்னார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிகள் இங்கே இப்படித்தான் கைமாறுகின்றன. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

வங்கிக் கடன் எடுக்கப் போகிறோம் என்றதும் தரகரின் முகம் மாறியது. "தம்பி, வங்கிக்காரன் ஆறு மாசம் இழுப்பான். கொழும்பில இருந்து ரெண்டு பேர் காசோட நிக்கினம். முற்பணத்தைக் கட்டி வையுங்கோ, மிச்சத்தை ஆறுதலாப் பார்ப்பம்." விற்பனை உடன்படிக்கை அடுத்த கிழமை எழுதலாம் என்று சொல்லி, மச்சான் ஒரு பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்துத் தந்தார். அந்த அடுத்த கிழமை வரவேயில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணியை விற்பதாகச் செய்யும் உடன்படிக்கை கூட, உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டால்தான் செல்லும். வெறும் பற்றுச்சீட்டை வைத்து வீட்டைக் கேட்க முடியாது, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். இது தரகருக்கு நன்றாகத் தெரியும். அவர் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர்.

ஒன்றும் பிழையாகத் தோன்றாமலேயே நாட்கள் போயின. ஒரு நாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "ஜேர்மனியில இருக்கிற மூத்தவ இதுக்குச் சம்மதிச்சவவோ, தம்பி?" என்று கேட்டார். எனக்கு மூத்தவ என்று ஒருவர் இருப்பதே அப்போதுதான் தெரியும்.

நடந்தது இதுதான். உறுதி உண்மையான உறுதி. 1972இல் அந்த வீட்டு அம்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. காணிப் பதிவகத்தில் தோம்பு எனப்படும் பதிவேட்டிலும் ஒழுங்காக ஏறியிருக்கிறது. ஈடு (அடமானம்) இல்லை, வழக்கு இல்லை. தரகர் சொன்ன "கிளீன்" அந்த அளவில் பொய்யே இல்லை. ஆனால் அந்த அம்மா உயிரோடு இல்லை. மரணசாசனமும் எழுதவில்லை. கணவர் அதற்கு முதலே காலமாகிவிட்டார். ஆகவே வீடு பிள்ளைகளுக்குச் சம பங்காகப் போகும். பிள்ளைகள் மூன்று பேர். கனடாவில் இருப்பவர் கடைசி. மூத்தவர் ஜேர்மனியில். நடுவில் இருந்தவர் யுத்தக் காலத்தில் காணாமற்போனவர்.

தரகரிடம் போய் இதைக் கேட்டபோது அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "அவர் இல்லைத்தானே, பிறகென்ன?" இல்லை என்று அந்தக் குடும்பம் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டிலிருந்து காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதையும் எடுக்கவில்லை. அது அவர்களுடைய துயரம், அவர்களுடைய முடிவு. தேடிக்கொண்டிருப்பவர்களிடம் போய்ப் பத்திரம் எடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பங்கையும் சேர்த்து ஒருவர் எனக்கு விற்க வந்தார் என்பதுதான் இங்கே பிரச்சினை.

நொத்தாரிசை ஏற்பாடு செய்தவரும் தரகரே. அந்த நொத்தாரிசு தயாரித்த உறுதி வரைவை நான் கேட்டு வாங்கி, வேறொரு சட்டத்தரணியிடம் காட்டினேன். அவர் இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். வீட்டை விற்கிறேன் என்று அதில் இல்லை. "விற்பவருக்கு இதில் உள்ள சகல உரித்தும் உடைமையும்" விற்கப்படுகிறது என்றுதான் இருந்தது. அவருக்கு உள்ளது மூன்றில் ஒன்று. முழு வீட்டுக்கும் விலை, மூன்றில் ஒரு பங்குக்கு உறுதி. நொத்தாரிசு பொய் எழுதவில்லை பாருங்கள், கெட்டித்தனமாக உண்மையை எழுதியிருக்கிறார்.

அதை அப்படியே பதிந்திருந்தால்? இந்த மாதிரி உறுதிக் காணிகளுக்குக் காணிப் பதிவகத்தில் பதிவாவது ஆவணம் மட்டுமே. உரித்து சரியா என்று அவர்கள் பார்த்துப் பதிவதில்லை. பதிந்த உறுதி என்பதால் இல்லாத பங்கு வந்துவிடாது. ஜேர்மனி அக்காவுடன் கூட்டு உரிமையாளராக இருந்துகொண்டு, காணியைப் பங்கு பிரித்துத் தரக் கேட்டு 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட வேண்டி வந்திருக்கும். பிரிவினை வழக்கு என்றால் இந்த ஊரில் எத்தனை வருடம் ஓடும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மேல் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமை வேறு. யாழ்ப்பாணத்தில் கூட்டுப் பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்பதானால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். முன்கொள்வனவு உரிமை என்பார்கள். 1947இல் இதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், அறிவித்தல் கிடைக்காத பங்காளி நீதிமன்றம் போய் விற்ற அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இந்த வீட்டில் யாருக்கும் எந்த அறிவித்தலும் போகவில்லை. ஜேர்மனி அக்காவின் இலக்கத்தைப் பக்கத்து வீட்டு அம்மாதான் தேடித் தந்தார். நான் எடுத்துக் கதைத்தபோதுதான், தாங்கள் பிறந்த வீடு விலைப்படுகிறது என்பதே அவருக்குத் தெரியவந்தது. ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாமரம் நிக்குதோ?" என்று கேட்டார்.

சரி, உரித்து ஒரு பக்கம். வீட்டைப் பற்றிச் சொன்னதாவது உண்மையா? முற்பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு முதல் எங்கள் மேசனையும் நில அளவையாளரையும் கூட்டிக்கொண்டு போனேன். மச்சானிடம் திறப்பு வாங்கவே பெரும்பாடு.

இரண்டு பரப்பு என்றது அளந்து பார்த்தால் ஒரு பரப்பு பன்னிரண்டு குழி. ஒரு பரப்புக்குப் பதினெட்டுக் குழி, ஆக ஆறு குழி குறைவு. ஒரு குழி 151 சதுர அடி என்று வைத்தால் தொள்ளாயிரம் சதுர அடிக்கு மேல் காணோம். வேலி மதிலான காலத்தில் ஒரு பக்கம் போயிருக்கிறது, ஒழுங்கையை அகட்டியபோது முன்பக்கம் போயிருக்கிறது. 1972 உறுதியில் இரண்டு பரப்பு என்று இருப்பது அன்றைக்கு உண்மை. விலையோ உறுதியில் உள்ள இரண்டு பரப்புக்கும் சேர்த்துக் கேட்கப்பட்டது.

கிணறும் சொந்தக் கிணறு இல்லை. எல்லையில் நிற்கும் பங்குக் கிணறு. உறுதியிலேயே மூன்றில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் (கிணற்றுக்குப் போகும் வழி, தண்ணீர் ஓடும் வாய்க்கால் இரண்டையும் பாவிக்கும் உரிமை) என்று தெளிவாக இருக்கிறது. பங்குக் கிணறு கெட்டதல்ல, எங்கள் ஊரில் பாதி வீடுகள் அதில்தான் வாழ்கின்றன. ஆனால் மோட்டர் பூட்டுவது, தூர் வாருவது எல்லாவற்றுக்கும் மற்ற இரண்டு வீட்டாரையும் கேட்க வேண்டும். அடுத்த வளவு மலக்குழி கிணற்றுக்கு மிக அருகில் இருந்தது. நகரத்தில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை, எல்லாம் குழிக்குள்தான் போகிறது. அடியில் இருப்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணக்கல், அது எதையும் வடிகட்டித் தராது. யாழ்ப்பாணக் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுவது நெடுநாள் பிரச்சினை. குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் ஏற்றுக்கொள்வார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டான விஷயம் இல்லை. தெளிவாக இருக்கிறதே என்று நம்பாமல் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

மேசன் சீலிங்கின் ஒரு தட்டைக் கழற்றினார். மேலே பனங்கைமரம். வைரம் ஏறிய முதிர்ந்த பனை தலைமுறை கடந்தும் நிற்கும், அதில் பயமில்லை. இங்கே நடுப்பகுதி கறுத்து இரும்பு மாதிரி இருந்தது. சுவரில் குந்தும் நுனிகள்தான் செத்துப் போயிருந்தன. ஓடு ஒழுகி, சுவர் ஈரமாகி, அந்த ஈரத்தில் கரையான் ஏறியிருக்கிறது. திருகாணியை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. சீலிங் அடித்தது அழகுக்காக இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. நீங்கள் பார்க்கப் போகும் பழைய வீட்டில் கூரை பழையது, சீலிங் மட்டும் புதியது என்றால் ஒரு தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் அதுவே பதில்.

சுவரிலும் ஒரு அடையாளம் இருந்தது. நிலத்திலிருந்து இடுப்பளவு வரைக்கும் மட்டும் பூச்சு புதிது. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். பிறகு உப்புப் பூத்து, பூச்சு பொங்கி விழும். விழுந்ததை உரித்துப் புதிதாகப் பூசி, மேலே பெயின்ற் அடித்து விற்கிறார்கள். ஒரு மாரி போனால் திரும்பவும் பொங்கும். வீடு பார்ப்பதென்றால் கார்த்திகை, மார்கழியில் பாருங்கள். அந்த மழையில் ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதும் கூடவே தெரியும். 2008 நிஷா புயல் வெள்ளத்தில் இந்த வளவுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று அயலாரைக் கேளுங்கள், விற்பவரைக் கேட்க வேண்டாம்.

கூரையும் சுவரும் காசு போட்டால் திருந்தும். ஆட்களின் பங்கு அப்படி இல்லை. அதனால் வீட்டைப் பார்க்கும் முதல் நாளே உறுதியில் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் பிள்ளைகள் எத்தனை பேர், யார் எங்கே என்று எழுதி வாங்குங்கள். அற்றோர்னித் தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அதோடு முடிந்தது, ஆகவே கொடுத்தவரோடு வீடியோ அழைப்பில் ஒருமுறை நேரே கதையுங்கள். பெண்ணின் பெயரில் உள்ள காணி, அவர் தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் கேளுங்கள். கைக்காசுக்கு வாங்கினாலும், வங்கி பார்க்கிற மாதிரி முப்பது வருட உரித்தை உங்கள் சொந்தச் சட்டத்தரணியைக் கொண்டு தோம்பில் பார்ப்பியுங்கள். அதற்கு ஆகும் செலவு முற்பணத்தின் சிறு துண்டு.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். இது சிவில் விஷயம் என்று மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். அங்கே மச்சான் பாதியைக் கொடுத்தார். மீதி தரகரிடம் இருக்கிறது என்கிறார். தரகரோ அது தன்னுடைய கூலி, வீட்டைக் காட்டியாகிவிட்டது என்கிறார். வழக்குக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

வீடு மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. படலைக்குப் புதுப் பெயின்ற், கூடவே "சொந்தக் கிணறு" என்ற அதே வாசகம். கந்தர்மடத்தில் மாமரம் நிற்கும் ஓட்டு வீடு ஒன்று உங்களுக்குக் காட்டப்பட்டால் எனக்கு எழுதுங்கள். ஜேர்மனி அக்காவைக் கேட்டுவிட்டு அவருடைய இலக்கத்தைத் தருகிறேன். விற்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, தன்னைக் கேட்டுவிட்டு விற்கட்டும் என்றுதான் அவர் சொல்கிறார்.