அலுமினிய வால்வுக்குப் பித்தளை மூடியா? உஷார்!

சக்கரத்துக்குள் வால்வுத் தண்டோடு இணைந்த காற்றழுத்த சென்சார் உள்ள கார் வைத்திருப்பவர்களே, டயர் வால்வுக்குப் பளபளப்பான உலோக மூடியை யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். "என் வால்வு அலுமினியம், இது ஒத்துவருமா?" என்று கேட்டுத்தான் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். "எந்தக் காருக்கும் போடலாம் சார், ஆயுசுக்கும் உழைக்கும்" என்று அடித்துச் சொன்னார் கடைக்காரர்.

சில மாதங்கள் கழித்துக் காற்றடிக்கப் போனால், ஒரு மூடி அசையவே இல்லை. குரோம் பூச்சு உரிந்த இடத்தில் மஞ்சளாகப் பித்தளை பல்லிளித்தது. விளிம்பைச் சுற்றி வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கும். அந்த அரிப்பே மரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உப்பு கலந்த ஈரமென்றால் கேட்கவே வேண்டாம்.

அதே கடை ஊழியர் குறடு போட்டு ஒரு திருகு திருகினார். மூடியோடு வால்வுத் தண்டும் முறிந்து கையோடு வந்தது. உடனே பேச்சு மாறியது: வால்வு பழசாம், நான்கு சென்சாரையும் மாற்ற வேண்டுமாம்! முறிந்தது ஒன்று, மாற்றுவது நான்கா? பல சென்சார்களில் தண்டை மட்டும் தனியாக மாற்ற முடியும். வேறொரு மெக்கானிக் அதைத்தான் செய்து கொடுத்தார். மூடிக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டதற்கு, விற்றவர் காதிலேயே வாங்கவில்லை.

உள்ளே ரப்பர் வளையம் உள்ள சாதாரண பிளாஸ்டிக் மூடி போதும். தூசியையும் ஈரத்தையும் தடுப்பதுதான் அதன் வேலை, அழகு காட்டுவதல்ல. விரலால் இறுக்கினால் போதும். ஒவ்வொரு முறை காற்றழுத்தம் பார்க்கும்போதும் கழற்றி, மரையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். அலுமினியத் தண்டுக்குள் காற்றை அடைத்து வைக்கும் வால்வு ஊசியும் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். வெறும் பித்தளை ஊசி போட்டால் உள்ளேயும் இதே கதைதான். ரப்பர் வால்வின் உள்தண்டு பெரும்பாலும் பித்தளை என்பதால் அங்கே இந்த அரிப்புத் தொல்லை இல்லை. ஆனால் கனமான மூடி போட்டால், வேகமாகச் சுழலும்போது ரப்பர் வளைந்து நாளடைவில் வெடிப்பு விடும்.

ஏற்கெனவே இறுகிப்போன மூடி இருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பிறகு தண்டு திரும்பாமல் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துக் கழற்றச் சொல்லுங்கள். குறடும் அவசரமுமாக வருபவரைச் சக்கரத்தின் அருகிலேயே விடாதீர்கள்.