பெரிய நிறுவனமா, நம்மவர் நிறுவனமா, தனியாளா? என்டிஐஎஸ் உதவிக்கு யாரைப் பிடிப்பது

என் தம்பிக்கு 34 வயது. பிறந்ததில் இருந்தே பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில்தான் இருப்பான், பேச்சு மிகக் குறைவு, சாப்பாடு ஊட்டிவிட வேண்டும். சிட்னியில் டூங்காபி பக்கம் அம்மாவோடு இருக்கிறான். அம்மாவுக்கு 71. அவனைத் தூக்கித் தூக்கி அம்மாவின் இடுப்பு போன பிறகுதான், வெளியாள் உதவி இல்லாமல் முடியாது என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அதற்குப் பிந்திய ஆறு வருடத்தில், ஊனமுற்றவர்களின் உதவிக்கு அவுஸ்திரேலிய அரசு காசு கொடுக்கும் என்டிஐஎஸ் திட்டத்தின் கீழ், பெரிய நிறுவனம், நம்மவர் நிறுவனம், தனியாள் என்று மூன்று வகையான உதவியையும் எடுத்துப் பார்த்துவிட்டோம்.

இப்போது கோயிலிலோ கலியாண வீட்டிலோ என்னைக் கண்டால், "உங்கட தம்பிக்கு எந்த புரொவைடர்?" என்று, அதாவது உதவிச் சேவை கொடுப்பவர் யார் என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. எங்களுக்குச் சரிவந்தது உங்கள் பிள்ளைக்குச் சரிவராமல் போகலாம். அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாங்கள் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விசயம். யாரைத் தெரிவு செய்யலாம் என்பதை உங்கள் பிளானின் (ஒருவருக்கென என்டிஐஎஸ் ஒதுக்கித் தரும் உதவித் திட்டத்தின்) காசை யார் நிர்வகிக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. என்டிஐஎஸ்ஸை நடத்தும் அரச நிறுவனமான என்டிஐஏ நேரடியாக நிர்வகித்தால், என்டிஐஎஸ் ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களிடம் மட்டுமே போகலாம். உங்களுக்காகப் பில் கட்டிக் கணக்குப் பார்க்கும் பிளான் மனேஜர் ஒருவரை வைத்தால், பதிவு செய்யாதவர்களிடமும் போகலாம். ஆனால் அரசு வைத்த விலை உச்சத்துக்கு மேல் கொடுக்க முடியாது. நீங்களே நிர்வகித்தால் விலை உச்சமும் கிடையாது, பில்லும் கணக்கும் எல்லாம் உங்கள் தலையில். பிளான் மனேஜருக்கான மாதக் கட்டணம் (2025-26இல் 104.45 டொலர்) பிளானிலேயே தனியாக வரும். உதவிக்கென ஒதுக்கிய காசில் இருந்து கழியாது. இதைத் தெரியாமல் "ஏன் வீணாக ஒருவருக்குக் காசு" என்று வேண்டாமென்று சொன்ன குடும்பங்கள் இருக்கின்றன. அம்மா, அப்பா வயதானவர்களாக இருந்து, பிள்ளைகள் வேலைக்கு ஓடுகிற வீடுகளுக்கு இந்த நடுவழிதான் நல்லது என்பது என் எண்ணம். சவாலான நடத்தைக்கான ஆதரவுத் திட்டம் எழுதுவது போன்ற சில சேவைகளுக்கு மட்டும், காசை யார் நிர்வகித்தாலும், பதிவு செய்யப்பட்டவர்தான் வேண்டும்.

(பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாவில் வருடக்கணக்காக இருக்கும் நம்மவர் குடும்பங்களுக்கு இந்தக் கதவே திறப்பதில்லை. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். அப்படி ஒரு தாயை எனக்குத் தெரியும். இதை எழுதும்போது அவருடைய முகம்தான் முன்னால் நிற்கிறது.)

சரி, மூன்று வகைக்கு வருவோம். ஒன்று, மாநிலம் முழுக்க வேலை செய்யும் பெரிய நிறுவனம். இரண்டு, நம்மவர் ஒருவர் வென்ட்வேர்த்வில்லிலோ பெண்டில் ஹில்லிலோ நடத்துகிற, பத்து இருபது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம். மூன்று, இணையத்தளம் வழியாக நாமே தேடி எடுக்கும் தனியாள். மூன்றாவதிலும் உள்ளே வித்தியாசம் உண்டு. மேபிள் போன்ற தளத்தில் இருப்பவர்கள் சொந்தத் தொழில் செய்பவர்கள், மணித்தியால விலையை அவர்களோடு நீங்களே பேச வேண்டும். ஹயர்அப் என்ற தளத்தில் வருபவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். சம்பளம், வரி, காப்புறுதி எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், ஆளுக்கு வேலை நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டால் தெரியும் வித்தியாசம்.

நாங்கள் தொடங்கியது பெரிய நிறுவனத்தில். வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்பது அங்கே ரோஸ்டர் (வேலை அட்டவணை) போடுகிறவரின் கையில். முதல் மூன்று மாதத்தில் பதினொரு முகங்கள் வந்தன. அம்மா நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தபடியால் இந்த எண்ணிக்கை எனக்கு நிச்சயமாகத் தெரியும். தம்பிக்கு ஊட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கரண்டியில் பாதி மட்டும் எடுக்க வேண்டும், நாடி கீழே தாழ்ந்திருக்க வேண்டும், தொண்டை அசைந்து விழுங்கின பிறகுதான் அடுத்த வாய். பேச்சு சிகிச்சையாளர் எழுதித் தந்த தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியே இருக்கிறது. ஒருநாள் வந்த புதியவர் அதைப் பார்க்காமல், தலையைப் பின்னால் சாய்த்து சொதி ஊற்றிக் குழைத்த புட்டை ஊட்டினார். தம்பி புரையேறி நீலம் பாரித்துப் போனான். குளியலறையில் இருந்த அம்மா ஓடிவந்து முன்னால் குனிய வைத்து முதுகில் தட்டித்தான் மீட்டார். அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை. காலை ஆறரைக்கு குறுஞ்செய்தி பார்த்து ஓடிவந்தவர் அவர். தம்பியைப் பற்றி ஒரு வரிகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் அதே நிறுவனம் அன்று பின்னேரமே சம்பவ அறிக்கை எழுதியது. மேலதிகாரி வீட்டுக்கு வந்தார். அடுத்த கிழமையே ஊட்டும் பயிற்சி நடந்தது. பெரிய இடத்தின் பலம் இதுதான்: தவறு எழுத்தில் பதிவாகும், அதற்குப் பதில் சொல்ல ஒருவர் இருப்பார். ஒருவர் சுகவீனமானால் பதிலாள் வருவார், முன்பின் தெரியாத முகமாக இருந்தாலும் வருவார். இரண்டு பேர் சேர்ந்து ஹொயிஸ்ட் என்ற தூக்கும் கருவியால் தூக்க வேண்டிய வேலைக்கும், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் தம்பியைச் சில இரவு வைத்துப் பார்ப்பதற்கும் இன்றைக்கும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம்.

அடுத்து நம்மவர் நிறுவனத்துக்கு மாறினோம். அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. வந்த பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அன்ரி, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி இல்லை என்று சொல்ல வேண்டி இருக்கவில்லை. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு தம்பியைக் கூட்டிப்போக, எந்த வாசலால் சக்கர நாற்காலி போகும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. இதற்கெல்லாம் விலை போட முடியாது.

ஒரு இரவு தம்பிக்கு வலிப்பு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நாங்கள் வீடு திரும்ப முன்னமே அந்தக் கதை ஊருக்குள் போய்விட்டது. கோயிலில் ஒருவர் அம்மாவிடம், "இனி அவனை ஒரு இடத்தில் விடுறதுதானே" என்று கேட்டிருக்கிறார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. எங்கள் சனத்துக்குள் நோயும் ஊனமும் இன்னும் வாய்க்கு வாய் போகிற கதைதான். அந்தச் சனத்துக்குள்ளேயே ஆளை எடுக்கும்போது இதற்கு முதலே வழி செய்ய வேண்டும். நாங்கள் உரிமையாளரோடு நேரே இருந்து பேசினோம். வீட்டு விசயம் வெளியில் போனால் அந்தப் பணியாளர் தொடர முடியாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம். அதற்குப் பிறகு அப்படி நடக்கவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. தமிழ் யாருக்குத் தேவைப்பட்டது? அம்மாவுக்கு. தம்பி இங்கேயே படித்தவன், இரண்டு மொழியும் விளங்கும். அவனுக்கு வேண்டியது அவனைப் பார்த்துப் பேசுகிற ஆள். வந்த பெண் அம்மாவோடு குசினியில் கதைத்துக்கொண்டு நிற்க, அவன் வரவேற்பறையில் தனியே டிவி பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் நிறைய. காசு அவனுடைய பிளானில் இருந்து போகிறது. அம்மாவின் தனிமை உண்மையானது, அதற்கு வேறு வழி தேட வேண்டும். தம்பியின் மணித்தியாலங்களில் இருந்து அதை எடுக்கக் கூடாது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், டிஐஎஸ் என்ற அரச மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. 131 450 என்ற இலக்கம். என்டிஐஎஸ் சேவைகளுக்காக நிறுவனம் அதை ஒழுங்கு செய்யலாம், பிளானில் இருந்து காசு போகாது. முதற் சந்திப்புக்கும் ஒப்பந்தம் வாசிக்கும் நாளுக்கும் கட்டாயம் கேளுங்கள். மருமகளையோ பேரனையோ மொழிபெயர்க்க வைப்பதைவிட அது எவ்வளவோ நல்லது.

மூன்றாவதாக, தளத்தில் தேடி ஒரு நேபாளப் பெண்ணை எடுத்தோம். தாதியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் வந்தவர் அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நேரே போய் நாற்காலிக்கு முன்னால் குந்தியிருந்தார். தம்பியின் கண்ணுக்கு நேரே தன் முகம் வருகிற உயரத்தில். "போதும் என்றால் எனக்கு எப்படிச் சொல்லுவீர்கள்?" என்று அவனிடமே கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையால் பொறுங்கள் என்று காட்டினார். அரை நிமிடம் போயிருக்கும். தம்பி தலையை இடது பக்கம் திருப்பிக் காட்டினான். முப்பது வருடமாக எங்களுக்குத் தெரிந்த சைகைதான், ஆனால் வெளியாள் ஒருவர் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது அதுதான் முதற்தடவை.

தனியாளில் உள்ள இன்னொரு வசதி நேரம். நிறுவனங்கள் பொதுவாக இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைய ஆள் அனுப்பமாட்டார்கள், ஊழியர் சம்பள விதியே அப்படி. எங்களுக்குக் காலையில் எழுப்பிக் கழுவி உடுப்பு மாற்ற ஒரு மணித்தியாலம் போதும். சொந்தத் தொழில் செய்பவர் அதற்கு உடன்படலாம். ஆனால் அவருக்குப் பரீட்சை வந்த இரண்டு கிழமையும் பதிலாள் கிடையாது. அம்மாதான் மறுபடியும் தூக்கினார். பணியாளர் பின்னணிச் சோதனை, முதலுதவிச் சான்றிதழ், காப்புறுதி எல்லாம் காலாவதி ஆகவில்லையா என்று பார்ப்பதும் நம்முடைய வேலைதான். பதிவு செய்யாதவருக்கு அந்தப் பின்னணிச் சோதனை எல்லா வேலைக்கும் கட்டாயமில்லை. நீங்கள் கேட்டால்தான் உண்டு. கேளுங்கள். ஐந்து வருடம் செல்லுபடியாகும்.

காசைப் பொறுத்தவரை, 2025-26 விலைப்பட்டியலில் சாதாரண உதவிக்கு வார நாள் பகலில் மணித்தியாலத்துக்கு உச்சம் 70.23 டொலர், ஞாயிற்றுக்கிழமை 127.43. ஞாயிறு நான்கு மணித்தியாலம் 509.72 டொலர்; அதே நான்கு மணித்தியாலம் செவ்வாய்க்கிழமை என்றால் 280.92. கோயிலுக்கு ஞாயிறுதான் போக வேண்டும் என்றில்லாவிட்டால் நாளை மாற்றிப் பாருங்கள். பெரிய நிறுவனமும் சிறு நிறுவனமும் பெரும்பாலும் உச்ச விலையைத்தான் கேட்பார்கள், அதில் பேரம் பேசிக் களைக்க வேண்டாம். பயண நேரத்தைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டிருந்தால், நகரப் பகுதியில் உங்கள் வீட்டுக்கு வரும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் வரை அறவிடலாம். ஒருமுறை வர 35 டொலர். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் நீங்களே கணக்குப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் இருந்து வருகிற ஆள் இதில் வெல்லுகிறார்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் வாசிப்பது கடைசிப் பக்கத்தை, வெளியேறும் வழியை. எத்தனை நாள் முன்னறிவித்தல் கேட்கிறார்கள்? எங்களிடம் ஒரு இடத்தில் மூன்று மாதம் கேட்டார்கள், கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டோம். இரண்டு கிழமை நியாயம், நான்கு வரை பொறுக்கலாம். அப்புறம் ரத்துச் செய்வது: உதவிப் பணியாளரின் வேலையை ஏழு நாளுக்குள் ரத்துச் செய்தால் முழுக் காசும் எடுக்க விதி இடம் கொடுக்கிறது. அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளை என்றால் இதைக் குறைத்துத் தரச் சொல்லி முதலிலேயே கேட்கலாம். நம்மவர் நிறுவனம் எங்களுக்கு இரண்டு நாளாக்கித் தந்தது, பெரிய இடத்தில் அசையவே இல்லை. இன்னுமொன்று, சப்போர்ட் கோர்டினேட்டரும் (பிளானுக்கு ஏற்ற சேவைகளைத் தேடி ஒழுங்கு செய்ய உதவுகிறவர்) சேவை கொடுப்பவரும் ஒரே நிறுவனமாக இருந்தால் கவனம். வேறு இடங்களின் பெயரும் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறுகிறதா என்று தெரியும்.

முறைப்பாட்டுக்கு என்டிஐஎஸ் தர, பாதுகாப்பு ஆணைக்குழு, 1800 035 544. பதிவு செய்யாதவர்களும் அதன் நடத்தை விதிக்கு உட்பட்டவர்கள்தான், அவர்கள் மீதும் முறையிடலாம். தடை செய்யப்பட்டவர்களின் விபரம் ஆணைக்குழுவின் தளத்தில் எல்லாரும் பார்க்க இருக்கிறது. ஆளை எடுக்க முன் ஐந்து நிமிடம் செலவழித்து அந்தப் பெயரைத் தேடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்றும் கலந்துதான் இருக்கிறது. வார நாள் காலையில் அந்த நேபாளப் பெண். பகலில் நம்மவர் நிறுவனத்தில் இருந்து இரண்டே பேர், மாறி மாறி. மூன்றாவது முகம் வருவதென்றால் முதலில் தம்பியோடு ஒருநாள் கூட இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். பெரிய நிறுவனம் அவசரத்துக்கும் இரவுத் தங்கலுக்கும். பிளான் மனேஜர் ஒருவர்தான் என்பதால் பில்கள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகின்றன.

தம்பியின் தொடர்புப் பலகையில் ஒவ்வொருவரின் படமும் ஒட்டியிருக்கிறது. ஞாயிறு இரவு அதை மடியில் வைத்தால், நாளைக்கு யார் என்று விரலால் காட்டுவான். போன வருடம் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது நான் படத்தைக் கழற்றிவிட்டேன். மூன்று ஞாயிறு அந்த வெறும் சதுரத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தான். இப்போது யாராவது போவதென்றால் கடைசி நாள் அவரே வந்து, தம்பியிடம் சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னாலேயே தன் படத்தைக் கழற்ற வேண்டும். ஒப்பந்தத்தில் நாங்கள் கடைசியாகச் சேர்த்த வரி அது.