எல் கலஃபாத்தே – சால்தேன் – நத்தாலெஸ் பஸ்கள்: முதுகுப்பையோடு போகும் ஜோடிக்கு எப்படி?

தென் அமெரிக்காவின் தென்கோடியில், அர்ஜென்டினாவிலும் சிலியிலுமாகப் பரந்து கிடக்கும் தென் பட்டகோனியாவில் வாடகைக் கார் இல்லாமல் முடியாது என்பார்கள். சீசனில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, பஸ்ஸே போதும். சோதிப்பது ஒரே ஒரு தடம்தான்: எல்லை தாண்டுவது.

அர்ஜென்டினாவின் கலஃபாத்தேயிலிருந்து, அதே நாட்டின் மலையேற்ற ஊரான எல் சால்தேன் சுமார் 215 கி.மீ., மூன்று மணி நேரம், நல்ல தார்ச்சாலை. இரண்டு மூன்று கம்பெனிகள் ஓடுகின்றன. வண்டிகளில் பெரிய வித்தியாசம் இல்லை, நேரம் தோதாக இருப்பதை எடுங்கள். டபுள் டெக்கர் என்றால் மேல்தளத்தின் முன்வரிசை. அது போய்விட்டால் இடப்பக்கம் இரண்டு சீட்: அர்ஹென்தினோ ஏரி, பிறகு வியெத்மா ஏரி, இரண்டும் அந்தப் பக்கம்தான். ஃபிட்ஸ் ராய் சிகரம் நேர் எதிரே எழும். நடுவில் லா லியோனா என்ற சாலையோர விடுதியில் நிறுத்தினால் காபி, கேக், கழிப்பறை எல்லாம் அங்கேயே முடித்துவிடுங்கள். பஸ்ஸில் உள்ள கழிப்பறை அவசரத்துக்கு மட்டும். 2024 அக்டோபரிலிருந்து சால்தேன் மலைப்பாதைகளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு, பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள்.

காற்று இந்தச் சீசனில், அங்குள்ள கோடையில்தான் அதிகம். பசிபிக்கில் எதுவும் தடுக்காமல் மேற்கிலிருந்து வருகிறது. ரூத்தா 40 நெடுஞ்சாலை வடக்கு தெற்காக ஓடுவதால் பஸ்ஸின் விலாவில் அறைகிறது. டிரைவர் வேகத்தைக் குறைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். உண்மையான தொல்லை இறங்கும்போதுதான். பையின் மழையுறை பாராசூட் மாதிரி உப்பி, கொக்கியைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, பைக்குள் தடிமனான பிளாஸ்டிக் பையை விரித்து அதில் துணிகளை வையுங்கள். படுக்கும் பாயைப் பைக்கு வெளியே குறுக்காகக் கட்டினால் அதுவே பாய்மரம், நெடுக்காகக் கட்டுங்கள். கூடாரத்தை இருவரும் பிரித்துச் சுமந்தாலும், கம்பியும் ஆணியும் ஒரே பையில் இருக்கட்டும். போடும்போது ஒருவர் துணியின் மேல் உட்கார்ந்துகொள்ள, மற்றவர் காற்று வரும் பக்கத்து ஆணிகளை முதலில் அடிக்க வேண்டும். லக்கேஜ் ரசீதை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கலஃபாத்தேயிலிருந்து எல்லை தாண்டிச் சிலியின் நத்தாலெஸ் ஐந்து ஆறு மணி நேரம் என்று போட்டிருக்கும். எல்லையில் கூட்டம் இருந்தால் அது கூடும். அர்ஜென்டினா சாவடியில் ஒரு முறை, சில கிலோமீட்டர் தள்ளிச் சிலி சாவடியில் இன்னொரு முறை இறங்க வேண்டும். சிலியில் எல்லாப் பைகளும் ஸ்கேனருக்குப் போகும். பழம், காய்கறி, தேன், விதைகள் தடை. பையடியில் மறந்த ஒரு ஆப்பிளுக்கும் அபராதம் உண்டு. பருப்பு, மசாலாப்பொடி கொண்டுபோகிறவர்கள் படிவத்தில் 'ஆம்' என்றே குறியுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள்தான் போகும், அபராதம் இல்லை. திரும்பவும் அர்ஜென்டினா வருவதாக இருந்தால், விசா தேவைப்படுகிறவர்கள் அது பலமுறை நுழைவதற்கானதா என்று பார்த்துக்கொள்ளவும். இந்தத் தடத்தில் பஸ்கள் குறைவு, அதனால் மொத்தப் பயணத்திலும் முதலில் இந்த டிக்கெட்டை எடுத்து, மற்ற தேதிகளை அதற்கேற்ப வையுங்கள்.

சிலி எல்லை ஊரான செர்ரோ காஸ்தியோவில் இறங்கினால் தோரெஸ் டெல் பைனே தேசியப் பூங்கா பஸ்ஸை அங்கேயே பிடிக்கலாம் என்பார்கள். பிடிக்கலாம்தான், ஆனால் சமையல் கேஸும் சாப்பாட்டுச் சாமானும் நத்தாலெஸில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். ஓர் இரவு தங்கிக் காலை பஸ்ஸில் போவதே சரி: பூங்கா நுழைவாயிலான லகூனா அமார்காவுக்கு இரண்டு மணி நேரம், படகுத்துறையான புதேத்தோவுக்கு இன்னும் கொஞ்சம். பூங்கா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கி, போனில் சேமித்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் சிக்னல் இருக்காது. புதேத்தோவில் ஏரியைக் கடக்கும் படகு பலத்த காற்றில் ஓடாது. மலையிலிருந்து இறங்கும் நாளிலேயே விமானம் பிடிக்கும் திட்டம் மட்டும் வேண்டாம். நடுவில் ஒரு நாள் காலியாக இருக்கட்டும்.