உயர்த்திய பிக்கப்பின் அதிர்வுக்குக் கப்பலூரில் ஒரு பட்டறை

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நான்குவழிச் சாலையில், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டி, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) வேலையை மட்டுமே எடுத்துச் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. லாரிக்காரர்களிடம் 'ஷாஃப்ட் பட்டறை' என்று கேட்டால் வழி சொல்லிவிடுகிறார்கள். லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய பிக்கப் வண்டியில் அதிர்வு வந்து, காரணம் பிடிபடாமல் அலைகிறவர்கள் இந்தப் பட்டறையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது இசுசு வி-கிராஸ். சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்த பிறகு தோட்டங்களுக்குள் பிரியும் பாதைகளில் வண்டியின் அடிவயிறு கல்லில் தட்டாமல் இருப்பதற்காக, முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட்டை வேறோர் ஊரில் பொருத்தினோம். அதன்பிறகு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தரைத்தகட்டில் ஒரு முரல்வும், காதை அடைக்கும் ஓர் இரைச்சலும் தொடங்கின. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது கூடும், காலை எடுத்தால் தணியும். பின்னால் வாழைத்தார் ஏற்றியிருக்கும்போது பாதியாகக் குறையும். டயர் கடைகளில் வீல் பேலன்சிங்கும் அலைன்மென்டும் செய்து பார்த்தும் ஒரு மாற்றமும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது என்பது இந்தப் பட்டறையில்தான் விளங்கியது.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் தாமே அதை நான்குவழிச் சாலைக்கு ஓட்டிச் சென்றார். 80 கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சின் சுழற்சி இறங்கிய பிறகும் அதிர்வு மிச்சமிருக்கிறதா என்று கவனித்தார். இருந்தது, ஆகவே எஞ்சினும் கிளட்சும் கணக்கிலிருந்து நீங்கின. அடுத்து டயரா, ஷாஃப்டா என்ற கேள்விக்கு அவர் அதிர்வின் வேகத்தை வைத்தே விடை சொன்னார். வி-கிராஸின் 255/65 ஆர்17 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் ஓடும். 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர் என்பதால், சக்கரம் நொடிக்கு ஒன்பது முறை சுற்றும். டயரில் குறை இருந்தால் அந்த ஒன்பதும் ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் எண்ணக்கூடிய குலுக்கலாகத் தெரியும். பின் ஆக்சிலில் ஷாஃப்டின் சுழற்சியை வாங்கும் சிறிய பற்சக்கரம் பினியன், அது சுழற்றும் பெரியது கிரௌன்; இந்தக் கிரௌன்-பினியன் விகிதம் நான்கு என்று கொண்டால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 37 முறை சுற்றும். ஷாஃப்டின் முனையில் உள்ள, கோணம் தவறிய ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உதைப்பதால், நொடிக்கு எழுபதுக்கு மேற்பட்ட அதிர்வுகள் எழும். அது குலுக்கலாகத் தெரியாது, முரல்வாகத்தான் கேட்கும். டயர் கடைக்குப் போவதற்கு முன் ஒவ்வொருவரும் செய்துபார்க்க வேண்டிய சோதனை இது, செலவும் இல்லை. சாலை காலியாக இருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

பட்டறைக்குத் திரும்பியதும் எனக்கு முதலில் பிடித்துப்போன விஷயம், வண்டியை லிஃப்டில் ஏற்றித் தொங்கவிடாமல், சமதளமான சிமென்ட் தரையில் நான்கு சக்கரமும் ஊன்றிய நிலையிலேயே அளந்ததுதான். "தொங்கவிட்டு அளந்தா ஆக்சில் கீழ இறங்கிரும்ணே, அளவு எல்லாம் பொய்யாயிரும்" என்றார். டிஜிட்டல் கோணமானியை வைத்து எடுத்த அளவுகளைத் தரையில் சாக்பீஸால் எழுதினார்: கியர்பாக்ஸிலிருந்து, ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் வரை வரும் முன் ஷாஃப்டின் சரிவு 4.5 டிகிரி, அங்கிருந்து ஆக்சிலுக்குப் போகும் பின் ஷாஃப்டின் சரிவு 9.2 டிகிரி, பினியனின் சாய்வு 7 டிகிரி. நோய் முழுவதும் இந்த மூன்று எண்களுக்குள் இருந்தது.

யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தளரும். அந்த ஏற்றத்தாழ்வு கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், கோணம் இரண்டு மடங்கானால் ஏற்றத்தாழ்வு நான்கு மடங்காகிவிடுகிறது. ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் ஜாயின்ட் அதே அளவு கோணத்தில், ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயின்டைப் பிடிக்கும் ஃபோர்க்குகள் ஒரே தளத்தில் அமையுமாறு பூட்டப்பட்டிருந்தால்தான் முதலாவது செய்ததை இரண்டாவது ஈடுகட்டும். இரண்டு கோணங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. எங்கள் வண்டியில், சரிவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தால், சென்டர் பேரிங்குக்குப் பின்னால் உள்ள ஜாயின்டின் கோணம் 4.7 டிகிரி, பினியன் பக்கத்து ஜாயின்டின் கோணம் 2.2 டிகிரி. முதலாவது எழுப்பும் ஏற்றத்தாழ்வு இரண்டாவதைப்போல் நான்கரை மடங்கு. ஈடுகட்ட வழியே இல்லை.

இந்த நிலை எப்படி வந்தது என்பதையும் அவர் காட்டினார். பின் ஆக்சிலுக்கும் வில்பட்டைக்கும் இடையே வைத்திருந்த பிளாக்குகள் தட்டையானவை அல்ல. ஆப்புபோல் ஒருபக்கம் சரிந்தவை. அவை பினியனின் மூக்கை மேலே தூக்கி ஷாஃப்டை நோக்கித் திருப்பியிருந்தன. பார்வைக்கு அது சரியாகத்தான் படும், ஏனெனில் பினியன் பக்கத்து ஜாயின்ட் நேராகிவிடுகிறது. ஆனால் ஷாஃப்டின் மேல்முனையில் இரட்டை ஜாயின்ட் உள்ள வண்டிகளுக்குத்தான் அந்த ஏற்பாடு பொருந்தும்; முனைக்கு ஒரு ஜாயின்ட் மட்டும் உள்ள ஷாஃப்டுக்குப் பினியன், சென்டர் பேரிங்குக்கு முன்னால் உள்ள முன் ஷாஃப்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் வில்பட்டை முறுகிப் பினியன் இன்னும் சற்று மேலே எழும்புவதால் வேறுபாடு கூடுகிறது. பாரம் ஏற்றினால் பின் ஷாஃப்டின் சரிவு குறைந்து இரு கோணங்களும் சிறுக்கின்றன. நாங்கள் உணர்ந்த அடையாளங்கள் அத்தனைக்கும் இதில் விளக்கம் இருந்தது.

வேலை எளிமையாக முடிந்தது. அதே உயரத்தில் தட்டையான இரும்பு பிளாக்குகளை லேத்தில் கடைந்து பொருத்தினார்கள், பினியன் 4.5 டிகிரிக்குத் திரும்பியது. சென்டர் பேரிங் தாங்கியின் மேல் 12 மில்லிமீட்டர் தகடு வைத்து அதைக் கீழே இறக்கினார்கள். இதனால் முன் ஷாஃப்ட் 5.2 டிகிரியும் பின் ஷாஃப்ட் 8.7 டிகிரியும் ஆகி, இரு ஜாயின்ட்களின் கோணங்களும் 3.5, 4.2 என்று நெருங்கின. மிச்சமுள்ள வேறுபாட்டை வேண்டுமென்றேதான் விட்டார்: பாரம் இழுக்கும்போது பினியன் எழும்பி அதைத் தானே குறைத்துக்கொள்ளும். கியர்பாக்ஸ் பக்கத்து முதல் ஜாயின்ட் அரை டிகிரியிலிருந்து 1.2 டிகிரியானதும் நல்லதுதான், ஏனெனில் முற்றிலும் நேராக நிற்கும் ஜாயின்டில் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் தங்கித் தடம் பதித்துவிடும். பினியன் பக்கத்து ஜாயின்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸை வைஸில் அழுத்தி எடுத்தபோது அதன் ஒரு கிண்ணத்தில் அப்படிப்பட்ட வரிகள் தெரிந்தன. அதை மட்டும் மாற்றினார்கள். மற்றவை நன்றாக இருக்கின்றன என்று விரலால் உருட்டிக் காட்டிவிட்டுத் திரும்பப் பூட்டினார்கள். கழற்றுவதற்கு முன், ஷாஃப்டின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரிசையான ஸ்ப்ளைனில் இரண்டு பக்கமும் பெயின்டால் குறியிட்டதையும், கிராஸ் மாற்றிய ஷாஃப்டை பேலன்சிங் இயந்திரத்தில் மீண்டும் ஏற்றியதையும், ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்ததையும் குறிப்பிட்டாக வேண்டும். பலர் விட்டுவிடும் வேலைகள் இவை.

இப்போது விருதுநகர் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலும் தரைத்தகடு அமைதியாக இருக்கிறது. சாலையின் ஓசையும் காற்றின் ஓசையும் மட்டுமே கேட்கின்றன. மொத்தச் செலவு ஒரு புதிய டயரின் விலைக்குள் முடிந்தது.

குறைகளும் உண்டு. ஆக்சிலை வில்பட்டையோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றினால் புதியவை போடுவதே முறை. இங்கே பழையவற்றையே திரும்ப முறுக்கத் தொடங்கினார்கள், கேட்ட பிறகுதான் மாற்றினார்கள். இவ்வளவு துல்லியமாக அளக்கிறவர்கள் அந்த அளவுகளைத் தரையோடு விட்டுவிடாமல் பில்லில் எழுதித் தர வேண்டும். பேலன்சிங் எந்தத் தரத்துக்குச் செய்யப்பட்டது என்பதும் அதில் இல்லை. ப்ரொப்பல்லர் ஷாஃப்டுகளுக்குப் பொதுவாக ஜி40, கூடுதல் நுட்பம் வேண்டுமானால் ஜி16 என்று சர்வதேசத் தரநிலையே இருக்கும்போது ஒரு வரி எழுதுவது பெரிய வேலையல்ல. லாரிகளுக்குத்தான் முன்னுரிமை என்பதால் காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருப்பவர் உட்கார நிழலான இடமும் இல்லை.

வண்டியை உயர்த்துவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது; பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை அது தடுக்கிறது. ஏற்கெனவே உயர்த்திவிட்டு அதிர்வோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம், கிராஸும் சென்டர் பேரிங்கும் கியர்பாக்ஸின் ஆயில் சீலும் அதற்கு விலை கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்தப் பட்டறைக்குப் போகும்போது வண்டியில் வழக்கமாக எவ்வளவு பாரம் இருக்குமோ அதை ஏற்றிக்கொண்டு, டயர் காற்றைச் சரிபார்த்துக்கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு யு போல்ட்டுகளை மறுபடி முறுக்கித் தருகிறார்கள், அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை.